இரட்டைச் சுருள்: தடை பாதி, மின்னோட்டம் இரு மடங்கு

போர்க்காலத்தில் பற்றரிகளை வரிசையாக அடுக்கி வானொலி கேட்டவர்களுக்குத் தொடரிணைப்பு தெரியும். சமாந்தர இணைப்பைப் படகில் காணலாம். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து இரவில் தொழிலுக்குப் போகும் சிறு படகொன்றின் 12 வோல்ற் பற்றரியில் இரண்டாவது விளக்கையும் சமாந்தரமாக இணைத்தால் மின்னோட்டம் இரு மடங்காகும்; பற்றரி பாதி நேரத்தில் இறங்கிவிடும்.

இலத்திரனியல் சிகரெட்டின் இரட்டைச் சுருளுக்கும் இதே விதிதான். தலா 1 ஓம் தடையுள்ள இரு சுருள்கள் சமாந்தரமாக இணைந்தால் மொத்தத் தடை 0.5 ஓம். முழுதாக மின்னேற்றிய லித்தியம் மின்கலம் 4.2 வோல்ற் கொண்டது. அதிலிருந்து ஒற்றைச் சுருள் 4.2 அம்பியரும் இரட்டைச் சுருள் 8.4 அம்பியரும் இழுக்கும். சுருள் ஒவ்வொன்றும் 0.3 ஓம் என்றால் மொத்தம் 0.15 ஓம், மின்னோட்டம் 28 அம்பியர்.

கட்டுப்படுத்தும் மின்சுற்று இல்லாத கருவியில், 20 அம்பியர் மட்டுமே தாங்கும் மின்கலம் இதனால் அளவுமீறிச் சூடாகி வெடிக்கக்கூடும். சட்டைப்பையிலுள்ள சாவியோ சில்லறையோ தனி மின்கலத்தின் இரு முனைகளையும் தொட்டாலும் இதே ஆபத்துத்தான். அப்போது தடை ஏறக்குறையப் பூச்சியம்.

அமெரிக்காவில் 2018 இல் புளோரிடாவிலும் 2019 இல் டெக்சாசிலும் இத்தகைய கருவி வெடித்துத் தலா ஒருவர் உயிரிழந்தனர். பிள்ளைகளின் கையில் இதைக் கண்டால் நிக்கொட்டினைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். உள்ளே இருக்கும் மின்கலத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.