குருவி ரத்தமும் சாம்பல் கொசுவும்

பறவைகளுக்கும் மலேரியா வரும். அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மலேரியாவைப் பரப்புவது கொசுக்கடிதான் என்பது முதலில் முழுமையாக நிரூபணமானது 1898இல், கல்கத்தாவில், சிட்டுக்குருவிகளை வைத்துத்தான்.

நிரூபித்த ரொனால்ட் ராஸ் 1881இல் சென்னை மாகாண மருத்துவப் பணிக்கு வந்தவர். 1897இல் ஊட்டிக்குக் கீழே சீகூர் மலைச்சரிவில் காய்ச்சலுக்குக் காரணம் தேடப்போய், அதே காய்ச்சலில் தானும் படுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் கரும்பொடி தூவியது போன்ற உருண்டைகளைக் கண்டார். கடிபட்டவர் உசேன் கான்; கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. பங்கா இழுத்தால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்று அதை நிறுத்திவிட்டதால், வியர்வை சொட்டி நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின.

இரைப்பையில் ஒட்டுண்ணி வளர்கிறது, சரி. அது அடுத்த ஆளுக்குள் எப்படிப் போகிறது? கல்கத்தாவில் இதை மனிதரிடம் சோதிக்க வழியில்லை. பிளேக் ஊசிப் பீதியில் இருந்த மக்கள் விரலைக் குத்தவிடவே அஞ்சினார்கள். ராஸ் பறவைகளுக்கு மாறினார். கூண்டிலிட்ட குருவியைக் கொசுவலைக்குள் வைத்து, புழுவிலிருந்து வளர்த்த சாம்பல் நிறக் கொசுக்களை இரவில் உள்ளே விட்டு, ரத்தம் குடித்து உப்பியவற்றைக் காலையில் பிடிப்பது அவர் முறை. ஒட்டுண்ணி மிகுந்த குருவியைக் கடித்த பத்துக் கொசுக்களில் 1009 உருண்டைகள். ஓரளவு இருந்த குருவியைக் கடித்த பத்தில் 292. ஒட்டுண்ணியே இல்லாத குருவியைக் கடித்த பத்தில் ஒன்றுகூட இல்லை.

அந்த உருண்டைகள் முற்றி வெடித்து, நூலிழை போன்ற நுண்ணுயிர்கள் கொசுவின் உடலெங்கும் பரவின. அவை சென்று குவியும் இடம் உமிழ்நீர்ச் சுரப்பி என்பதை 1898 ஜூலையில் கண்டார். அந்தக் கொசுக்களைக் கடிக்கவிட்டபோது 28 நலமான குருவிகளில் 22 நோயுற்றன. மனித மலேரியாவுக்கு அனாபிலிஸ் கொசுவே காரணம் என்று இத்தாலியில் கிராசி குழுவினர் அதே ஆண்டு முடிவில் காட்டினர். 1902இன் நோபல் பரிசு ராஸுக்கு மட்டுமே கிடைத்தது. கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்று ராஸுக்கும் கிராசிக்கும் இடையே எழுந்த சச்சரவு நெடுநாள் ஓயவில்லை.

பறவை மலேரியா ஆய்வு குருவிகளோடு நிற்கவில்லை. இலங்கைக் கோழிகளிடம் கிடைத்த பிளாஸ்மோடியம் கேலினேசியம் என்ற ஒட்டுண்ணியை 1935இல் பிரம்ப்ட் என்ற ஆய்வாளர் விவரித்தார். ஆய்வகத்தில் ஏடிஸ் எஜிப்டி கொசு அதை எளிதாகச் சுமந்ததால், மலேரியா மருந்துகளைச் சோதிக்கும் கூடங்களுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. ஆய்வகக் கொசு சுமக்கிறது என்பதற்காகக் கோழிக்கூட்டிலும் அதுவே பரப்புகிறது என்று சொல்ல முடியாது. இலங்கையில் மன்சோனியா கிராசிபெஸ் என்ற கொசுவே இயற்கையில் அதைப் பரப்புகிறது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் அறிவித்தது 1965இல்தான்.

ராஸின் சாம்பல் கொசு இன்று கியூலெக்ஸ் குயின்குவிஃபேசியேட்டஸ் எனப்படுகிறது. யானைக்கால் நோயைப் பரப்புவதாகத் தமிழகத்தில் அறியப்பட்ட, ஸ்ரீரங்கத்துச் சாக்கடையிலும் திருவெள்ளறைக் கழிவுநீர்க் குட்டையிலும் முட்டையிடக்கூடிய அதே இனம். எந்தக் கொசு ஒட்டுண்ணியைப் பரப்புகிறது என்று அறிய இப்போது கொசுவை அரைத்து, பிசிஆர் முறையில் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடுகிறார்கள். வேலை விரைவு, ஆனால் நோயுற்ற பறவையின் ரத்தம் செரிக்காமல் வயிற்றில் இருந்தாலும் ‘உண்டு’ என்றே முடிவு வரும். அதனால் கொசுவின் வயிற்றை நீக்கி, தலையையும் மார்பையும் தனியே சோதிக்கிறார்கள். ஐயம் தீராவிட்டால் உமிழ்நீர்ச் சுரப்பியை அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழி.