கோழிக்கூண்டும் முட்டையின் விலையும்: விலங்கு நலப் பொருளியலின் வரலாறு

விலங்கு நலப் பொருளியல் என்பது பண்ணை விலங்குகள் வாழும் வாழ்வின் தரத்தை உற்பத்திச் செலவு, விலை, சந்தை, சட்டம் ஆகியவற்றோடு சேர்த்து ஆராயும் துறை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது உருவானது. இதன் வரலாற்றை முட்டைக்கோழியின் கூண்டை வைத்தே பெருமளவு சொல்லிவிடலாம். பன்றி, கன்று ஆகியவை பற்றிய விவாதங்களும் நடந்தன. ஆனால் அதிகம் அளக்கப்பட்டதும் அதிகச் சட்டங்களைக் கண்டதும் கூண்டுதான்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டங்கள் இதற்கு நெடுங்காலம் முற்பட்டவை. பிரிட்டனில் 1822-இல் வந்த சட்டம் மாடு, குதிரை போன்றவற்றைத் துன்புறுத்துவோரைத் தண்டித்தது. அந்தச் சட்டத்தின் பார்வையில் கொடுமை என்பது கண்ணால் காணக்கூடிய ஒரு மனிதரின் செயல். கூண்டுப் பண்ணையில் கோழியை யாரும் அடிப்பதில்லை. வேளைக்குத் தீவனமும் தண்ணீரும் கிடைக்கின்றன. அங்கே குற்றவாளி என்று சுட்டிக்காட்ட எவரும் இல்லாததால் பழைய சட்டங்கள் அந்தப் பண்ணைக்குப் பொருந்தவில்லை.

கூண்டு வந்த காரணம்

கம்பிக் கூண்டை அடுக்கடுக்காக வைத்துக் கோழி வளர்க்கும் முறை அமெரிக்காவில் 1930-களில் தொடங்கி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவிலும் பரவியது. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. எச்சம் கம்பி வழியே கீழே விழுந்துவிடுவதால் இரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் குறைந்தன. சரிவான தரையில் முட்டை உருண்டு அழுக்குப்படாமல் வெளியே வந்தது. முட்டையிடாத கோழியை எளிதில் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரே ஆள் பல ஆயிரம் கோழிகளைப் பார்த்துக்கொள்ளலாம். போர்க்காலப் பங்கீட்டில் முட்டைக்கு ஏங்கியிருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு இது பெரிய வரம்.

சிக்கல் கணக்கில் இருந்தது. ஒரு கூண்டில் கூடுதலாக ஒரு கோழியை அடைத்தால் ஒவ்வொரு கோழியும் இடும் முட்டை சற்றுக் குறையும், சாவும் கூடும். ஆனாலும் கொட்டகை, கூண்டு, கூலி ஆகிய செலவுகள் அதிக முட்டைகளின் மேல் பகிரப்படுவதால் ஒரு முட்டைக்கு ஆகும் செலவு குறையும். கோழி நன்றாக இருந்தால்தான் பண்ணையாளருக்கு லாபம் என்ற பழைய நம்பிக்கை இங்கே உடைந்தது. கோழியின் நலனும் பண்ணையின் நலனும் ஓர் எல்லை வரைதான் ஒன்றாகச் செல்லும். அதற்கப்பால் ஒன்று ஏற மற்றொன்று இறங்க வேண்டும். எக்ஸிடர் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் மெக்கினர்னி பிற்காலத்தில் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். இத்துறையின் அடிப்படைப் படம் என்று அதைச் சொல்லலாம்.

ரூத் ஹாரிசன்

1964-இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ‘அனிமல் மெஷின்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அவர் விஞ்ஞானியோ விவசாயியோ அல்லர். வீட்டுக் கதவுக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு துண்டுப்பிரசுரத்தைப் படித்து இந்த ஆய்வில் இறங்கியவர். பூச்சிக்கொல்லிகளின் ஆபத்தை எழுதிப் புகழ்பெற்ற ரேச்சல் கார்சன் இந்நூலுக்கு முன்னுரை எழுதினார். நூலுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு பிரிட்டிஷ் அரசு அதே ஆண்டில் விலங்கியல் பேராசிரியர் ரோஜர்ஸ் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

1965 இறுதியில் வந்த பிராம்பெல் அறிக்கை, விலங்கு சிரமமின்றித் திரும்பவும், உடலைக் கோதிக்கொள்ளவும், எழவும், படுக்கவும், கைகால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்றது. பின்னாளில் உலகமெங்கும் பேசப்பட்ட ‘ஐந்து சுதந்திரங்கள்’ இதிலிருந்து வளர்ந்தவை. பசி தாகத்திலிருந்தும், அசௌகரியத்திலிருந்தும், வலி நோய்களிலிருந்தும், அச்சத் துயரிலிருந்தும் விடுதலை, இயல்பான நடத்தைக்கு உரிமை என்பவை அந்த ஐந்து. அறிக்கை பரிந்துரைத்த இட அளவுகள் மட்டும் சட்டமாகவில்லை. 1968-இல் வந்த சட்டம் வழிகாட்டு நெறிகளோடு நின்றுகொண்டது.

கோழியிடம் கேட்டல்

பிராம்பெல் குழு மெல்லிய அறுகோணக் கம்பிவலையைக் கூண்டுத் தரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது. அது கோழியின் காலுக்கு நோவு தரும் என்று உறுப்பினர்கள் கருதினர். 1973-இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிகளிடமே தேர்வை விட்டனர். கோழிகள் அந்த மெல்லிய வலையையே விரும்பி நின்றன. நல்லெண்ணம் கொண்ட மனிதர்களின் ஊகமும் கோழியின் விருப்பமும் வேறுவேறாக இருக்கலாம் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் சோதனை இது.

ஆக்ஸ்ஃபோர்டின் மரியன் டாக்கின்ஸ் இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனார். கூண்டிலேயே வளர்ந்த கோழிக்குக் கூண்டையும் வெளித்திடலையும் காட்டினால் முதலில் பழகிய கூண்டுக்கே போனது. சில முறை திடலில் இருந்து பார்த்தபின் திடலைத் தேர்ந்தது. இதனால் ஒருமுறை கேட்ட விடையை நம்ப முடியாது என்று தெரிந்தது. வெறும் விருப்பமா, உண்மையான தேவையா என்று பிரித்தறிய டாக்கின்ஸ் பொருளியலின் தேவைக் கோட்பாட்டைக் கடன் வாங்கினார். அரிசி விலை ஏறினாலும் மக்கள் வாங்குவதை அதிகம் குறைப்பதில்லை, மிட்டாய் விலை ஏறினால் குறைத்துவிடுகிறார்கள். கோழிக்கும் இப்படி ஒரு ‘விலை’ வைத்தால் என்ன என்பது அவர் கேள்வி. 1983-இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பே கூண்டுக்கோழிகள் தம் விலையைச் சொல்கின்றன என்பதுதான். பின்வந்த ஆய்வாளர்கள் கோழி தள்ளித் திறக்க வேண்டிய கதவின் பளுவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். முட்டையிடும் நேரம் நெருங்கிய கோழி, மறைவான முட்டைப் பெட்டியை அடைய மிகக் கனமான கதவையும் தள்ளியது. காசு இல்லாத உயிர் தன் உழைப்பால் விலை கொடுத்தது.

சட்டமும் சதுர சென்டிமீட்டரும்

சுவிட்சர்லாந்து 1981-இல் நடைமுறைக்கு வந்த விதிகளால் கூண்டு வளர்ப்பை 10 ஆண்டு அவகாசத்தில் முடிவுக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் இயற்றிய ஆணைப்படி, பழைய கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுர செ.மீ. இடம் 2003 முதல் கட்டாயமானது. ஓர் ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர செ.மீ. என்பதை நினைவில் கொண்டால் இந்தச் ‘சீர்திருத்தத்தின்’ அளவு விளங்கும். 2012 ஜனவரி 1 முதல் அந்தக் கூண்டும் தடைசெய்யப்பட்டது. முட்டைப் பெட்டி, அமரக் கம்பு, கிளற மண் அல்லது கூளம் ஆகியவற்றோடு 750 சதுர செ.மீ. இடமுள்ள கூண்டு மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2004 முதல் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் வளர்ப்பு முறையைக் காட்டும் எண் அச்சிடப்படுகிறது. 0 என்றால் இயற்கை முறை, 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு.

எல்லா வகைக் கூண்டுகளையும் ஒழிக்கக் கோரி சுமார் 14 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவை ஏற்று, 2023-க்குள் சட்ட முன்மொழிவு தருவதாக ஐரோப்பிய ஆணையம் 2021-இல் வாக்களித்தது. அந்தக் கெடு முன்மொழிவு இல்லாமலே கடந்தது.

யார் விலை கொடுப்பது?

கலிபோர்னியாவில் 2008-இல் நடந்த வாக்கெடுப்பில் 63 விழுக்காட்டினர் கூண்டுக்கு எதிராக வாக்களித்தனர். அதே காலத்தில் கடைகளில் விற்ற முட்டைகளில் கூண்டில்லா முட்டை சிறு பங்கே. குடிமகனாக ஒன்றைக் கேட்டவர், வாங்குபவராக வேறொன்றை எடுத்தார். இதைப் போலித்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் தான் ஒருவர் மட்டும் கூடுதல் விலை கொடுப்பதால் எதுவும் மாறாது, எல்லோரும் கொடுத்தால் மாறும் என்று நினைப்பவர் இப்படித்தான் நடந்துகொள்வார்.

2018 வாக்கெடுப்பு ஒரு படி மேலே சென்றது. எந்த மாநிலத்தில் உற்பத்தியானாலும் கூண்டு முட்டையைக் கலிபோர்னியாவில் விற்கக் கூடாது என்றது. பன்றி வளர்ப்போர் சங்கம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. எதிர்த்திசையிலும் காற்று வீசியது. 2025 தொடக்கத்தில் பறவைக்காய்ச்சலால் முட்டை விலை ஏறியபோது, நெவாடா மாநிலம் தன் கூண்டுத் தடையை 120 நாட்களுக்கு நிறுத்திவைக்க வழிசெய்தது.

பெய்லி நார்வுட், ஜேசன் லஸ்க் என்ற இரு அமெரிக்க வேளாண் பொருளியலாளர்கள் 2011-இல் வேறொரு வழியைக் கற்பனை செய்தனர். விலங்கின் நலனை முட்டையிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் பிரித்துத் தனிச் சரக்காக விற்கலாம் என்பது அவர்கள் யோசனை. பண்ணையாளர் தன் கோழிகளின் நிலையை உயர்த்தினால் அதற்கேற்ப நல அலகுகள் பெறுவார். முட்டையே உண்ணாதவரும் அவற்றை வாங்கி ஆதரவு தரலாம். சைவ உணவாளருக்கு இன்றைய சந்தையில் கோழியின் நிலைமீது எந்தச் செல்வாக்கும் இல்லை என்ற குறையை இது நீக்குகிறது. ஆனால் அலகை அளப்பது யார் என்ற கேள்வி நிற்கிறது. பணம் கொடுப்பவர் இல்லையென்றால் கோழிக்கு எதுவும் இல்லையா என்ற கேள்வி அதைவிடக் கடினமானது.

இந்தியாவில்

1953-இல் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பதை இச்சட்டம் குற்றம் என்கிறது. பிராம்பெல் அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் முற்பட்ட விதி இது. ‘போதிய’ என்பதற்கு அளவு சொல்லாததால் கோழிப்பண்ணைகளில் அதன் தாக்கம் தெரியவில்லை. 1962-இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர், சென்னையே அப்போது தலைமையிடமாக இருந்தது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஐந்து சுதந்திரங்களை எடுத்தாண்டது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்கு வரைவு விதிகளை முன்வைத்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நாமக்கல்லைத் தொடாமல் போகாது. அங்கே முட்டையின் கொள்முதல் விலை பைசாக் கணக்கில் அறிவிக்கப்பட்டு மறுநாள் நாளிதழ்களில் வருகிறது. 5 பைசா ஏறுவதும் இறங்குவதும் பண்ணையாளருக்குச் செய்தி. அந்தச் சந்தையின் முட்டைதான் அரசுப் பள்ளிச் சத்துணவுத் தட்டுக்கும் போகிறது, எனவே கூண்டின் அளவைக் கூட்டினால் ஏறும் செலவின் ஒரு பகுதி அரசின் சத்துணவுக் கணக்கில் வந்து விழும். அந்தக் கூடுதல் செலவைப் பண்ணையாளர், நுகர்வோர், அரசு ஆகியோரிடையே எப்படிப் பகிர்வது என்பதே இந்தியக் கூண்டு விவாதத்தின் மையம். இந்திய முட்டையின் ஓட்டில் வளர்ப்பு முறையைக் காட்டும் எண் கட்டாயமில்லை.