லெவிக்கின் கிரேக்க எழுத்துகள்

ஜார்ஜ் மரே லெவிக் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவர் காலத்தை நினைத்தால் கொஞ்சம் பரிவும் வரும். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர். துருவப் பயணி ஸ்காட்டின் கடைசிப் பயணத்தில், வடக்குக் குழுவின் ஆறு பேரில் ஒருவராக 1911 பிப்ரவரியில் அண்டார்டிகாவின் அடேர் முனையில் இறங்கினார். அடேலி பெங்குவின்கள் லட்சக்கணக்கில் கூடும் கரை அது. 1899-இல் அங்கே குளிர்காலம் கழித்த விலங்கியலாளர் நிக்கோலாய் ஹான்சன், பறவைகள் திரும்பத் தொடங்கிய அக்டோபரிலேயே இறந்துபோனார். அவர் காத்திருந்த காட்சி லெவிக்குக்குத்தான் வாய்த்தது.

பறவைகள் வந்து இடம் பிடிப்பது, கூழாங்கல் பொறுக்கிக் கூடு கட்டுவது, அசந்த நேரம் பக்கத்துக் கூட்டில் கல் திருடுவது என எல்லாவற்றையும் எழுதினார். (திருட்டுக்கு நியாயம் உண்டு: கல் மேடு இல்லாவிட்டால் பனி உருகிய நீரில் முட்டை வீணாகிவிடும்.) ஜோடியில்லாத ஆண்களின் நடத்தையைக் கண்டபோதுதான் மருத்துவரின் கை கூசியது. காயம்பட்ட பெண் பறவை, வழிதவறிய குஞ்சு, செத்து உறைந்த உடல் எதையும் அவை விடவில்லை. போக்கிரிகள் என்று வைதார். சில குறிப்புகளைக் கண்டவர் படிக்காதபடி கிரேக்க எழுத்துகளில் எழுதினார்.

1914-இல் வந்த அவருடைய பெங்குவின் புத்தகத்தில் இதெல்லாம் பூடகமாகத்தான் தலைகாட்டியது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இந்தப் பகுதியை மட்டும் பயண அறிக்கையிலிருந்து விலக்கி, 1915-இல் 100 பிரதிகள் தனியே அச்சிட்டு, வெளியிடுவதற்கல்ல என்று தலைப்பில் குறித்தது. அதை ஆய்வாளர்கள் டக்ளஸ் ரஸ்ஸல், வில்லியம் ஸ்லேடன், டேவிட் ஐன்லி மூவரும் மறுபடி அச்சேற்றியது 2012-இல்.

ஒளித்ததைக்கூட மன்னிக்கலாம், காரணம் தேடாமல் குற்றம் என்று முடித்துவிட்டாரே, அதுதான் என் கோபம். உறைந்த பெங்குவின் தலை ஒன்றைக் கம்பியில் நிறுத்தி, உடலுக்குப் பதில் ஒரு கல்லை வைத்து ஐன்லி சோதித்துப் பார்த்தார். ஆண்கள் அதோடும் கூட வந்தன. அவற்றைத் தூண்ட அந்த உருவமே போதும். அது உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியே எழுவதில்லை.

அடேலியின் பேர்பெற்ற பதிவிரதத்துக்கும் கண்ணீர் சிந்த ஒன்றுமில்லை. ஆணும் பெண்ணும் பழைய கூட்டிடத்துக்கே திரும்புவதால் அங்கே சந்தித்துக்கொள்கிறார்கள். கோடை குறுகியது, அவன் வரத் தாமதித்தால் அவள் காத்திருப்பதில்லை, பக்கத்தில் இருப்பவனோடு குடும்பம் தொடங்கிவிடுவாள்.

சக்கரவர்த்திப் பெங்குவினின் கதை இன்னும் வேடிக்கை. 2005-இல் ஒரு பிரெஞ்சு ஆவணப்படம் அமெரிக்காவுக்கு வந்தபோது, அங்கே சிலர் அதை ஏகபத்தினி விரதத்துக்குச் சான்றாகவே கொண்டாடினார்கள். அந்தப் பறவைக்கோ கூடே கிடையாது. முட்டையைப் பாதத்தின்மேல் சுமக்கிறது. போன வருஷத்துத் துணையைத் தேடிப்போக முகவரி இல்லை. பெரும்பாலானவை அடுத்த ஆண்டு வேறு துணையோடுதான் சேர்கின்றன.