தக்கையில் பிறந்த மீன்

பேரரசுகளுக்கும் பெருங்கப்பல்களுக்கும் வரலாறு இருப்பது போலவே, ஒரு சாண் நீளமும் இல்லாத தூண்டில் இரைக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சிறந்த பகுதியொன்று, பின்லாந்து நாட்டு ஏரிக்கரையில் ஓர் ஏழை மீனவரின் குடிசையில் எழுதப்பட்டது.

பின்லாந்தில் சிறியனவும் பெரியனவுமாக 180,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்றான பையன்னே ஏரியை நம்பி வாழ்ந்தவர் லௌரி ராப்பலா. 1905ஆம் ஆண்டு பிறந்த அவர், 1930களின் பொருளாதார மந்த காலத்தில் மீன் விற்ற காசிலேயே குடும்பத்தைக் காத்து வந்தார். நெடுங்கயிற்றில் வரிசையாக முட்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் இரைமீனைக் கோத்து நீரில் விடுவது அவரது வழக்கம். இரையைப் பிடிப்பதிலும் கோப்பதிலுமே பொழுது கழிந்தது; பொழுது கழிந்தால் அன்றைய வருவாயும் குறைந்தது.

படகு வலித்துச் செல்கையில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். கூட்டமாகச் செல்லும் பொடிமீன்களிடையே பாயும் வேட்டை மீன், செவ்வையாக நீந்துவனவற்றை விட்டுவிட்டு, காயம்பட்டுச் சற்றே தள்ளாடும் மீனையே கவ்வியது. அத்தள்ளாட்டத்தை ஒரு பொம்மை மீனுக்கு அளிக்க இயலுமாயின், நாள்தோறும் இரை தேட வேண்டியதில்லை அல்லவா?

1936இல் அவர் தக்கையைச் செருப்புத் தைப்போரின் கத்தியால் மீன் வடிவாகச் செதுக்கினார். செதிலின் பளபளப்புக்குச் சாக்லெட் சுற்றிவந்த ஈயத்தாளை ஒட்டினார். அதன்மேல் பூச வார்னிஷ் வாங்கப் பணமில்லை. ஆகவே பழைய புகைப்பட நெகட்டிவுகளை உருக்கிப் பூசினார். அதுவே நீர் புகாத மேற்பூச்சாயிற்று.

மரத்தாலான பொய்யிரைகள் அமெரிக்காவில் அதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டன. எனவே பொய்யிரையை முதன்முதல் கண்டவர் ராப்பலா என்பது பொருந்தாது. காயம்பட்ட மீனின் அசைவை அதற்கு அளித்ததே அவருக்குரிய சிறப்பு. இவ்வகை இரையின் முகப்பிலுள்ள சிறு தகடு, இழுக்கும்போது நீரை எதிர்த்து உடலை இருபுறமும் ஆட்டுகிறது. செதுக்கலில் ஒரு பக்கம் கனத்தாலோ, பூச்சு ஓரிடத்தில் தடித்தாலோ, அது சாய்ந்து ஓடும், மீன் ஏமாறாது. ஆகவே மெருகிடுதல் அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. இரையின் நடையே அதைப் பொறுத்தது.

பின்னர்த் தக்கையின் இடத்தை எடை குறைந்த பால்சா மரம் பெற்றது. புதல்வர்களும் தொழிலில் இணைந்தனர். 1952இல் ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிக்கு வந்தோர் சிலர் இவ்விரைகளைத் தத்தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர் என்பர். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. நடிகை மர்லின் மன்றோவின் மறைவையொட்டி அவர் படத்தை அட்டையில் தாங்கிய அவ்விதழ் பெரிதும் விற்பனையாயிற்று. இரைக்கான வேண்டுகோள்களும் வந்து குவிந்தன. தொழிற்சாலை எழுந்த பின்னரும், ஒவ்வொரு பால்சா இரையையும் நீர்த்தொட்டியில் இழுத்து நடை பார்த்துக் கையால் திருத்தும் முறை கைவிடப்படவில்லை.

ராப்பலா 1974இல் மறைந்தார். பிறர் எறிந்துவிடும் ஈயத்தாளும் பழைய நெகட்டிவும் அவர் கையில் கருவிகளாயின. அவற்றுக்கு உயிர் கொடுத்தது, ஏரியை அன்றாடம் கூர்ந்து நோக்கிய அவருடைய கண்களே. கைத்தொழிலைப் படிப்புக்குத் தாழ்ந்ததாக எண்ணும் இளையோர் இதனைச் சிந்தித்துப் பார்த்தல் நன்று.