உப்பு கசியவில்லை: ஹட்சின்சன் நகரின் மறக்கப்பட்ட கிணறுகள்

1887ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், தெற்கு ஹட்சின்சன் என்ற இளம் குடியிருப்பில் மனை விற்பனையில் ஈடுபட்டிருந்த பென் பிளான்சர்ட் என்பவர் எண்ணெயோ எரிவாயுவோ கிடைக்கும் என்று நம்பி நிலத்தைத் துளைத்தார். அவருக்குக் கிடைத்தது உப்பு. அந்த ஏமாற்றமே ஊரின் செல்வமாயிற்று. ஹட்சின்சன் ‘உப்பு நகரம்’ என்று பெயர் பெற்றது. 114 ஆண்டுகள் கழித்து, அவர் தேடிய எரிவாயு அந்நகரின் தரையைப் பிளந்துகொண்டு வெளிவந்தது. அது நிலம் தானாகத் தந்த வாயு அன்று. மனிதர் கொண்டுவந்து உப்புக்குள் அடைத்துவைத்த வாயு. அது வெளியேறிய வழியும் உப்பு அன்று. எரிவாயுச் சேமிப்பின் வரலாற்றில் இந்த வேறுபாடே கவனத்திற்குரியது.

ஹட்சின்சனுக்கு அடியிலுள்ள உப்பு, பெர்மியன் காலத்தில் வற்றிப்போன ஓர் உள்நாட்டுக் கடலின் எச்சம். தொடக்கக் கால உற்பத்தியாளர்கள் ஆழ்துளைக் கிணறு வழியே நன்னீரை இறக்கி உப்பைக் கரைத்தனர். மேலே ஏற்றிய உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். ஊருக்குள்ளேயும் ஊரைச் சுற்றியும் இத்தகைய கிணறுகள் பெருகின. அவற்றுள் பலவற்றில் உறைக்குழாய் மேல்மட்ட நிலத்தடி நீர்ப்படுகையைக் கடக்கும் ஆழம்வரைதான் இறக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே துளை வெறும் பாறையாகவே நின்றது. தொழில் நொடித்தபோது உரிமையாளர்கள் சென்றனர். கிணறுகள் மண் மூடின. அவற்றின் மேல் தெருக்களும் கடைகளும் வீடுகளும் எழுந்தன.

எரிவாயுவைப் பூமிக்கடியில் சேமிக்கும் வழக்கம் வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. குளிர்காலத்தில் எரிவாயுவின் நுகர்வு பன்மடங்கு உயரும். குழாய்த்தொடரின் கொள்ளளவோ மாறாது. எனவே கோடையில் மிகும் வாயுவை எங்கேனும் வைத்திருக்க வேண்டும். 1915இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வாயு தீர்ந்துபோன ஒரு வயலிலேயே மீண்டும் வாயுவைச் செலுத்தி முதல் வெற்றி காணப்பட்டது. உப்பின் முறை பின்னரே வந்தது. 1961இல் மிச்சிகன் மாநிலத்தின் மேரிஸ்வில்லில், உப்பெடுத்தபின் எஞ்சிய வெற்றிடம் ஒன்றில் இயற்கை எரிவாயு சேமிக்கப்பட்டது. 1970இல் மிசிசிப்பி மாநிலத்தின் எமினென்ஸில் இதற்கெனவே உப்பு கரைக்கப்பட்டு அறைகள் உருவாக்கப்பட்டன.

இவ்வறைகளை ‘உப்புக் குகை’ என்று மொழிபெயர்ப்பது எளிது. ஆயினும் ‘குகை’ இயற்கையின் ஆக்கத்தை நினைவூட்டும் சொல். ‘குடைவறை’ என்பதே இங்குப் பொருந்தும். ஒரு கன மீட்டர் வெற்றிடம் உண்டாக்க ஏழெட்டு கன மீட்டர் நன்னீர் செலவாகும். இவ்வளவு உழைப்புக்கும் காரணம் உப்பின் இயல்பு. பாறையுப்பு வாயுவைக் கசியவிடாது. அழுத்தத்தில் மெல்ல இளகி நகர்வதால் தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். தீர்ந்த வயலின் நுண்துளைகளிலிருந்து வாயுவை மெதுவாகவே மீட்க முடியும். குடைவறையிலிருந்தோ மிக விரைவாக எடுக்கலாம், ஆண்டில் பலமுறை நிரப்பிக் காலிசெய்யலாம்.

உப்பின் குறையும் அதே இயல்பில் உள்ளது. எமினென்ஸின் முதல் குடைவறை, ஆழத்தின் அழுத்தத்தால் சுருங்கி, இரண்டே ஆண்டுகளில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இழந்தது. கவனித்தால், இது சிறையின் சுவர் நெருங்கிவரும் குறையே தவிர, சுவர் திறந்துவிடும் குறை அன்று.

ஹட்சின்சனுக்கு வடமேற்கே சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது யாகி. அங்கு 1980களின் தொடக்கத்தில் புரொப்பேன் சேமிக்கக் குடைவறைகள் உருவாக்கப்பட்டன. வணிகம் பயன் தராததால் கிணறுகள் சிமெண்ட் இட்டு அடைக்கப்பட்டன. 1990களில் அதே இடம் இயற்கை எரிவாயுவுக்காக மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அடைத்த கிணறுகள் துளைத்துத் திறக்கப்பட்டன. அப்போது ஒரு கிணற்றின் உறைக்குழாய் சேதமுற்றது என்பதே பின்னர் எழுந்த விளக்கம். குழாயில் கசிவு கண்டறியப்பட்ட ஆழம் 595 அடி. குடைவறையின் கூரை அதற்கும் வெகு கீழே இருந்தது.

2001 ஜனவரி 17 காலை, ஹட்சின்சனின் நடுநகரில் இரு கடைகள் வெடித்து எரிந்தன. அன்று மாலை நகரின் கிழக்கே வாயுவும் உப்புநீரும் கலந்த ஊற்றுகள் தரையிலிருந்து பீறிட்டன. மறுநாள் நடமாடும் வீடுகள் கொண்ட குடியிருப்பொன்றில் நிகழ்ந்த இன்னொரு வெடிப்பு இருவரின் உயிரைப் பறித்தது. நூற்றுக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

கான்சாஸ் புவியியல் ஆய்வுநிறுவனத்தினர் வாயு சென்ற வழியைத் தேடினர். உடைந்த குழாயிலிருந்து மேலேறிய வாயு, விரிசலுற்ற மெல்லிய டோலமைட் படுகையொன்றை அடைந்து, அதன் சரிவில் மேல்நோக்கி நகரை நெருங்கியது. வெளியேறிய அளவு சுமார் 14 கோடி கன அடி என மதிப்பிடப்பட்டது. அப்படுகை தரைக்கு நூறு மீட்டருக்கும் கீழே இருந்தது; அங்கிருந்து மேலே வர வாயுவுக்குத் தானாக வழியில்லை. வழியை அமைத்துத் தந்தவை நூறாண்டுப் பழமையான உப்புநீர்க் கிணறுகள். அவை எங்கே இருந்தன என்பதற்கு முழுமையான வரைபடம் எவரிடமும் இல்லை. கட்டடங்களுக்கு அடியில் கிடந்த கிணறுகளை, வாயு வெடித்துக் காட்டிக்கொடுத்த பின்னரே நகரம் அறிந்தது.

தமிழ் இங்கு ஒரு தெளிவைத் தருகிறது. ‘தூர்ந்த கிணறு’ என்றால் தானே மண் மூடியது. ‘தூர்த்த கிணறு’ என்றால் ஒருவர் செய்து முடித்த செயல். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள இவ்வேறுபாடு பொறுப்பு பற்றியது: தூர்த்தவர் உண்டு, தூர்ந்ததற்கு எவரும் இல்லை. எண்ணெய்த் தொழிலில் வழங்கும் ‘கைவிடப்பட்ட கிணறு’ என்ற தொடர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. யாகியின் கிணறுகள் தூர்க்கப்பட்டு, பின் திறக்கப்பட்டவை. நகரின் கிணறுகள் தூர்ந்தவை. பேரிடர் நேர இரண்டும் தேவைப்பட்டன. ஒன்றின் பிழை நிறுவனத்தின் ஏட்டில் கிடைக்கும். மற்றதன் பிழைக்கு ஏடே இல்லை.

இந்நிகழ்வுக்குப் பின் கான்சாஸ், நிலத்தடிச் சேமிப்புக்கான விதிகளைக் கடுமையாக்கியது. எனினும் விதிகள் இனி தோண்டப்படும் கிணறுகளை ஆளும். 1890களில் தோண்டியவற்றை ஆள்வது ஆவணம் மட்டுமே. இந்தியா இன்று கச்சா எண்ணெயை விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் கடினப் பாறையைக் குடைந்த அறைகளில் இருப்பு வைத்துள்ளது. மேற்கு ராஜஸ்தானின் நிலத்தடியில் விரிந்த உப்புப் படுகைகளும் உள்ளன. உப்பின் தடிமன் என்ன, ஆழம் என்ன, தூய்மை என்ன என்ற கேள்விகளைப் பொறியாளர்கள் தவறாமல் கேட்பார்கள். அந்நிலத்தில் இதற்குமுன் எவர் எங்கே எத்தனை துளைகள் இட்டனர் என்ற கேள்வி வரலாற்றாய்வாளருக்கு உரியது. ஹட்சின்சனில் அது கேட்கப்படவில்லை. உப்பு 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்தது. அதன்மேல் வாழ்ந்தவர்களின் நினைவு நூறாண்டுகூட நிலைக்கவில்லை.