ஒன்றை அழுத்தினால் ச... - ரிங்டோன் வரலாறு, ஹைதராபாத்திலிருந்து

போன மாசம் ஒரு கிருத்திகை அன்று பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். யாரோ ஒருவர் பையிலிருந்து திடீரென்று சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். வரிசையில் பாதிப் பேர் அவரவர் பையைத் தடவிப் பார்த்தார்கள். நானும்தான் :-)

பக்கத்தில் நின்ற என் பையன் சிரித்தான். அவன் போன் எப்போதும் வைப்ரேட்டில்தான் இருக்கும். "ரிங்டோனுக்குப் போய் யாராவது இவ்ளோ மெனக்கெடுவாங்களாப்பா?" என்றான். மெனக்கெட்டோம் தம்பி, ரொம்பவே மெனக்கெட்டோம். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அதற்காகவாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

எங்கே ஆரம்பித்தது?

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அதற்கு முந்தைய வருஷம்தான் நோக்கியா தன் 2110 மாடலில் அந்தப் புகழ்பெற்ற மெட்டை வைத்திருந்தது. அது நோக்கியா கம்பெனியில் யாரோ போட்ட மெட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பிரான்சிஸ்கோ டாரேகா என்ற ஸ்பெயின் நாட்டு கிடார் கலைஞர் 1902-ல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற இசையின் ஒரு சின்னத் துண்டு.

கம்பெனி கொடுத்ததை விட்டுவிட்டு நாமே மெட்டுப் போட்டுக்கொள்ளும் வசதி முதலில் வந்தது ஜப்பானில். 1996-ல் வந்த டிஜிட்டல் மினிமோ என்ற போனில் ஸ்வரங்களை நாமே அழுத்திச் சேமிக்கலாம். எந்தப் பாட்டுக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லும் ஒரு புத்தகம் 1998-ல் அங்கே வெளியாகி 35 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாம்! அதே 1998-ல் பின்லாந்தில் வேசா-மட்டி பானனென் என்பவர் யோசனையில் ரேடியோலின்யா நிறுவனம் ரிங்டோனை இறக்கிக்கொள்ளும் சேவையைத் தொடங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஹார்மோனியம்! நம்ம ஊர் பஜனை மடத்துப் பெட்டி பின்லாந்து வரை போயிருக்கிறது பாருங்கள்.

எஸ்.ஆர். நகர் அறையும் 3310-ம்

நான் கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்தது 2001-ல். 1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் திறந்த பிறகு, தென்னிந்தியாவில் கம்ப்யூட்டர் படித்த பையன்கள் எல்லாரும் ஒரு கோர்ஸ் முடிக்க அமீர்பேட்டைக்கு ரயில் ஏறிய காலம் அது. எஸ்.ஆர். நகரில் ஓர் அறையில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நோக்கியா 3310.

அந்த போனில் 'கம்போஸர்' என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? 1 முதல் 7 வரை ஏழு பொத்தான்களுக்கு ஏழு ஸ்வரங்கள். 8-ஐ அழுத்தினால் ஸ்வரத்தின் நீளம் குறையும், 9-ஐ அழுத்தினால் கூடும். 0 என்றால் இடைவெளி. நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றும், ஹாஷ் குறி ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும். அவ்வளவுதான் இலக்கணம்.

அறையில் கும்பகோணத்துப் பையன் ஒருவன் இருந்தான். சின்ன வயசில் வயலின் கற்றவன். அவன்தான் முதலில் கண்டுபிடித்தான்: "டேய், 1-லேருந்து 7 வரைக்கும் வரிசையா அழுத்துனா சங்கராபரணம்டா!" உண்மைதான். ஹாஷே இல்லாமல் வாசித்தால் சுத்தமான சங்கராபரண ஆரோகணம். 4-ஐயும் 7-ஐயும் தொடாமல் 1, 2, 3, 5, 6 என்று போனால் மோகனம். 6-க்குப் பதில் 7 என்றால் ஹம்சத்வனி. எல்லாரும் முதலில் படிக்கும் மாயாமாளவகௌளைக்குத்தான் கொஞ்சம் வேலை: ரிஷபத்துக்கு 1-ஐ அழுத்திக் கூடவே ஹாஷ், தைவதத்துக்கு 5-ஐ அழுத்திக் கூடவே ஹாஷ். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரளி வரிசையைப் போனில் ஏற்றினான். கமகம் இல்லாத சரளி வரிசை! கேட்க ஆம்புலன்ஸ் மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

பிறகு சினிமாப் பாட்டுகள். பல்லவியின் முதல் வரிக்குள் அடங்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும், தாளம் கிடையாது, குரல் கிடையாது. அப்படியும் "இது அந்தப் பாட்டுதானே!" என்று எதிரில் இருப்பவன் கண்டுபிடித்துவிட்டால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே... சம்பளம் வந்த மாதிரி இருக்கும்.

இதை நோக்கியாக்காரர்கள் எழுத்தாகவும் மாற்றி வைத்திருந்தார்கள். ஆர்டிடிடிஎல் என்று பெயர். ஒரு மெட்டை ஒரே வரி எழுத்தாக எழுதிவிடலாம். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட்தான். அதற்குள் ஒரு மெட்டு அடங்கிப் பயணம் செய்ததற்கு இந்தச் சிக்கனம்தான் காரணம். இன்றைக்கு ஒரு குட்மார்னிங் படம் அதைப் போல ஆயிரம் மடங்கு இருக்கும்!

தமிழன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புது ஊரில் ரிங்டோன் ஓர் அடையாள அட்டை. பேருந்தில் தமிழ்ப் பாட்டு ஒலித்தால் போதும், "நீங்க எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்துவிடலாம்.

ஆனால் ஹைதராபாத்தில் ஒரு சிக்கல் உண்டு. இளையராஜா மெட்டு கேட்டால் உடனே தமிழன் என்று முடிவு கட்டிவிட முடியாது. என் டீமில் விஜயவாடாக்காரர் ஒருவர். அவர் போனில் ஒரு மெட்டு ஒலித்ததும் நான் பாய்ந்து போய் "இதயத்தைத் திருடாதேதானே சார்?" என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "காது! இதி கீதாஞ்சலி!" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மணிரத்னம் 1989-ல் நேரடியாகத் தெலுங்கில் எடுத்த படம் அது, நாம் பார்த்தது டப்பிங். அன்றிலிருந்து இன்றுவரை அவர் எனக்கு நல்ல நண்பர். ஆகவே மக்களே, இந்த ஊரில் நம்பகமான தமிழ் அடையாளம் கந்த சஷ்டி கவசம் மட்டும்தான் என்பது என் இருபத்து சொச்ச வருஷ ஆராய்ச்சி முடிவு.

ஜகதீஷ் மார்க்கெட் காலம்

2003 மே 1-லிருந்து இன்கமிங் அழைப்புக்குக் காசு இல்லை என்றானது. அதுவரை போன் அடித்தாலே பயம். எடுத்தால் நமக்கும் மீட்டர் ஓடும். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து, கட் பண்ணி, எஸ்டிடி பூத்துக்கு ஓடிய கதை உங்களுக்கும் இருக்கும். காசு போனதும்தான் ரிங்டோன் நிஜமாகவே கொண்டாட்டம் ஆனது.

அப்புறம் 'பாலிஃபோனிக்' வந்தது. ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள், தபேலா மாதிரி ஏதோ ஒன்று கூட. அதன் பின்னால் 2004, 2005 வாக்கில் எம்பி-3 போன்கள். நிஜக் குரலே போனில் பாடியது. அபிட்ஸ் ஜகதீஷ் மார்க்கெட்டில் ஒரு பெஞ்ச் அகலக் கடைகளில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு நிரப்பித் தருவார்கள். தெலுங்கும் இந்தியும் மலை மாதிரி இருக்கும். "தமிழ் இருக்கா பாய்?" என்றால் ரஹ்மான் பாட்டை இந்தியில் போட்டுத் தருவார்கள் :-) அதனாலேயே ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு சிடி நிறையத் தமிழ்ப் பாட்டோடு வருவோம். புளூடூத்தில் ஒரே வாரத்தில் அறை அறையாகப் பரவிவிடும்.

இன்னொரு பக்கம் காலர் ட்யூன். தென்கொரியாவில் 2002-ல் தொடங்கி, 2004-ல் நம் ஊருக்கு வந்தது. ரிங்டோன் நமக்குக் கேட்பது, காலர் ட்யூன் நம்மைக் கூப்பிடுபவருக்குக் கேட்பது. மாசம் முப்பது ரூபாய் என்று லட்சக்கணக்கான பேரிடம் வசூல். கோவில்பட்டியில் என் அப்பா போனில் அவருக்கே தெரியாமல் ஒரு குத்துப்பாட்டு ஏறிவிட்டது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார். துஷ்டிக்கு வந்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டுவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, அன்றைக்கு எல்லார் வீட்டிலும் நடந்த கதைதான். 2013-ல் டிராய், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்கிய பிறகுதான் இப்படிப்பட்ட சேவைகளைத் தொடங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதற்கு முந்தைய வருஷம், 2012-ல், காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாவுக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கும் பணத்தில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பங்கு உண்டு என்றானது. ரிங்டோனில் புரண்ட காசும் அந்த விவாதத்துக்கு ஒரு காரணம்.

நோக்கியாவுக்கு நம் ஊரோடும் ஓர் உறவு இருந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தார்கள். நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று மூடினார்கள். அதற்குள் உலகம் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் போய்விட்டிருந்தது.

தொலைத்த குரல்

இனி சொந்தக் கதை. 2008-ல் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவை என் போனில் பேச வைத்துப் பதிவு செய்தேன். "எய்யா, அம்மா பேசுதேன், போனை எடுய்யா." அவ்வளவுதான், ஏழெட்டு விநாடி இருக்கும். பின்னால் தெருவில் பால்காரர் மணிச் சத்தம். அம்மா நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் மட்டும் அது ஒலிக்கும்படி வைத்துக்கொண்டேன். ஆபீஸ் மீட்டிங்கில் ஒருமுறை ஒலித்து மொத்த அறையும் சிரித்தது. தமிழ் தெரியாத மேனேஜர்கூட "எடுங்க, அம்மாதானே" என்றார்.

2010-ல் போன் ஹாங் ஆகிறது என்று ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். சாஃப்ட்வேர் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். போன் நன்றாக வேலை செய்தது. உள்ளே எதுவும் இல்லை. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது, 'பேக்கப் எடுத்தியா' என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சரி, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஆறு வருஷம் 'அடுத்த முறை'யாகவே போனது. 2016-ல் அம்மா போய்விட்டார்கள். கல்யாண வீடியோவில் தேடினேன். அதில் நாதஸ்வரம்தான் கேட்கிறது, அம்மா தூரத்தில் வாயசைக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது

அதனால்தான் இந்த வேண்டுகோள். பீரோவில் பழைய போன் கிடந்தால் இந்த வாரமே எடுத்து சார்ஜ் போட்டுப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், வேறு பேட்டரி வாங்குங்கள். குரல் பதிவுகள் பெரும்பாலும் ஏஎம்ஆர் என்ற வடிவில் இருக்கும். மெமரி கார்டிலோ புளூடூத்திலோ கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து இரண்டு இடத்தில் வையுங்கள். எம்பி-3 ஆக மாற்ற விஎல்சி போதும், காசு கிடையாது.

ரிங்டோன் ஆக்குவது அதைவிட எளிது. 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் வேண்டிய துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். முப்பது விநாடிக்குள் இருக்கட்டும். முதல் விநாடியிலேயே சத்தம் தொடங்க வேண்டும், மெதுவாக ஆரம்பிக்கும் பாட்டு பைக்குள்ளேயே செத்துவிடும். போனின் சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி எடுபடாது. குரல், நாதஸ்வரம், புல்லாங்குழல் எடுபடும்.

ஆண்ட்ராய்டு என்றால் அந்தக் கோப்பை 'ரிங்டோன்ஸ்' ஃபோல்டரில் போடுங்கள். காண்டாக்ட்ஸில் அந்த ஆளின் பெயரைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, ரிங்டோனைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் என்றால் கராஜ்பேண்டில் திறந்து, பகிரும் இடத்தில் ரிங்டோன் என்று கொடுக்க வேண்டும். 2025-ல் வந்த ஐஓஎஸ் 26-லிருந்து ஃபைல்ஸ் செயலியில் இருந்தே நேரடியாக வைத்துக்கொள்ளலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவை உட்கார வைத்துப் பதிவு செய்தேன். என்ன பேசணும் என்று கேட்டார். எப்பவும் பேசுறதைப் பேசுங்கப்பா என்றேன். "சாப்ட்டியாடா? சரி, வச்சிரட்டா?" என்றார். நாலு விநாடி. மூன்று இடத்தில் சேமித்திருக்கிறேன்.

ஸ்கந்தகிரியில் இருந்து வீடு திரும்பிய அன்று ராத்திரி பையன் என் போனை வாங்கி எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். மறுநாள் பார்த்தால் தாத்தாவின் நாலு விநாடி அவன் போனிலும் ஏறியிருந்தது. வைப்ரேட்டை மட்டும் இன்னும் எடுக்கவில்லை!

பி.கு: 3310-ல் சரளி வரிசை போட்ட கும்பகோணத்துப் பையன் இப்போது அமெரிக்காவில். இதைப் படித்தால் அந்த ஆம்புலன்ஸ் மெட்டுக்காக எங்கள் நால்வர் சார்பில் தாமதமான மன்னிப்பு ;-)