கட்டைவிரல் நகம்

மரபணு மாற்றப் பருத்தியின் இந்திய வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே தேதியில் தொடங்குகிறார்கள்: 2002 மார்ச் 26. நடுவண் அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அன்றுதான் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் அனுமதி இல்லாத விதை ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைந்து நின்றது தனிக்கதை. இந்த வரலாற்றில் கம்பெனி வரும், அரசு வரும், விஞ்ஞானி வருவார், விவசாயி வருவார். விவசாயி என்றால் ஆண். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படியேதான் பேசினேன்.

ஒருநாள் சேலம் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, "பருத்திக்கு நான் கிராசிங் போயிருக்கேன் மேடம்" என்றாள். எட்டாவது படிக்கும்போது, ஒரு பருவம் முழுக்க. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் புரியவில்லை. எனக்கும்தான். அவளே விளக்கினாள்.

மறுநாள் விரியப்போகும் மொட்டை முதல்நாள் பிற்பகலில் கண்டுபிடிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அதன் அடியில் கீறி, இதழ்களையும் மகரந்தப் பைகளையும் சுற்றோடு உரித்தெடுக்க வேண்டும். நடுவிலிருக்கும் சூல்முடியில் நகம் பட்டால் பூ வீண். உரித்ததற்கு அடையாளமாகச் சிவப்புத் தாள் செருகுவார்கள். மறுநாள் காலையில் வேறு பாத்தியிலிருந்து ஆண்பூவைப் பறித்து வந்து அந்தச் சூல்முடியில் தடவ வேண்டும். ஓர் ஆண்பூ நாலைந்துக்குத் தாங்கும். வெயில் ஏறினால் மகரந்தம் பிடிக்காது. பூக்கும் காலம் முழுக்க, பூவுக்குப் பூ, இதுதான் வேலை. இதற்கு இன்றுவரை இயந்திரம் இல்லை. "எத்தனை பூ செய்வீங்க?" என்று கேட்டேன். "எண்ணுனது மேஸ்திரி மேடம், நாங்க இல்ல."

அப்படியானால் தொடக்கத் தேதி 2002 அல்ல, 1970. சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி.டி. படேல் உருவாக்கிய எச்-4 அந்த ஆண்டுதான் வந்தது. வணிகமுறையில் பயிரான உலகின் முதல் வீரிய ஒட்டுப் பருத்தி அது. இரண்டு ஆண்டுகளில் தார்வாடிலிருந்து வந்த இன்னொன்றுக்கு வரலட்சுமி என்று பெயர் வைத்தார்கள். விதைக்குப் பெண் பெயர் கிடைத்துவிட்டது. மற்ற நாடுகள் இந்த வழியில் பெரிதாகப் போகவில்லை. பூவுக்குப் பூ கையால் ஒட்டுச்சேர்க்கும் கூலி அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இங்கே கட்டுப்படியானது. ஏன் என்பதுதான் இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

ஆந்திரத்தின் கர்நூல், மகபூப்நகர் மாவட்டங்களைப் பற்றி ஆய்வாளர் தாவுலூரி வெங்கடேஸ்வர்லு 1990களின் இறுதியிலிருந்து எழுதிய அறிக்கைகளில் விடை இருக்கிறது. விதைப் பாத்திகளில் நின்றவர்களில் பெரும்பகுதி சிறுமிகள். பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, அதைக் கழிக்கும்வரை பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பெரியவர்களைவிடக் கூலி குறைவு. கம்பெனிகள் விதைக்குக் கொடுத்த கொள்முதல் விலையில் பெரியவர்களுக்குரிய கூலி கொடுத்தால் விதை உற்பத்தியாளருக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதையும் அவர் காட்டினார். வெளியே சொன்ன காரணம் வேறு: சிறுமிகளின் விரல் மெல்லியது, செடியின் உயரமும் அவர்கள் உயரமும் ஒன்று. வறுமையை உடலின் இயல்பாகப் பேசும் இந்த மொழி நமக்குப் புதிதல்ல.

புழுவைக் கொல்லும் நஞ்சுக்கான மரபணுவை ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்துப் பருத்திக்குள் வைத்தது ஆய்வகம். ஆனால் இந்தியாவில் அந்த மரபணு விற்பனைக்கு வந்தது பெரும்பாலும் வீரிய ஒட்டு விதைக்குள்தான். ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால் குணம் பிரிந்துவிடும். ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். அமெரிக்காவில் ஒப்பந்தமும் காப்புரிமையும் செய்த வேலையை இங்கே செடியே செய்தது. 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்குமேல் விற்றது. ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகு 2006இல் 750க்கு இறங்கியது. அந்த வழக்கில் உரிமத்தொகை பேசப்பட்டது, உழவர் நட்டம் பேசப்பட்டது. பத்தாண்டுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்குமேல் பி.டி. ஆகிவிட்டது. எவ்வளவு பரப்போ அவ்வளவு விதை; எவ்வளவு விதையோ அவ்வளவு நகம்.

விதை காத்த தாய் என்று பெண்ணை வணங்கும் கட்டுரைகள் நம்மிடம் நிறைய. கருங்கண்ணி விதைத்த கரிசல் வீடுகளில் விதை எடுத்து வைத்தது பெண்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிலத்துக்குப் பட்டா அவர்கள் பெயரில் இல்லை. பழைய விதையையும் நான் கோவிலாக்க மாட்டேன். புதிய விதையால் சில ஆண்டுகள் காய் கூடியபோது, பஞ்செடுப்பு பெண் வேலை என்பதால் அவர்களுக்குக் கூலிநாள் கூடியது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்கும் பழகிக்கொண்டது.

இப்போதைய பேச்சு களைக்கொல்லி தாங்கும் பருத்தி. அனுமதி இல்லை, ஆனால் திருட்டுத்தனமாக விற்கிறது. 2019இல் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் விவசாயிகள் அதை வெளிப்படையாகவே விதைத்துப் போராடினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் 2013இலேயே இத்தகைய பயிர் இந்தியாவுக்குப் பொருந்தாது என்றார்கள். களையெடுப்புக் கூலி போய்விடும் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. குனிந்தே நாளைக் கழிக்கும் களையெடுப்பு இனிய வேலை என்று நான் சொல்லவில்லை. அது முதுகை முறிக்கும். அது போனால் அந்தப் பெண்ணுக்கு வேறு எது என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் கோபம். களைக்கு ஆள் கூலி ஏறிவிட்டது, அதனால்தான் இந்த விதை வேண்டும் என்கிறார்கள். ஏறிவிட்டதாகச் சொல்லும் அந்தக் கூலி, அதே காட்டில் மருந்தடிக்க வரும் ஆணுக்குக் கொடுப்பதைவிட இன்னும் குறைவு.